அம்மா எத்தனை மணிக்குத் தூங்கினார்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு பெண் என்னைப் பார்க்க வந்திருந்தார். பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமம். கையில் ஒரு ஃபைல், ஒரு நாற்பது பக்க நோட்டு. மகளிரியலில் பி.ஹெச்டி. சேர்ந்து ஏழு மாதம் ஆகிறதாம். நெட் தேர்வெழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கியவர். மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை.

"அப்புறம் என்னம்மா கவலை?" என்றேன்.

"என் தலைப்பைப் பிடுங்கிட்டாங்க சார்!"

கழுத்துச் சங்கிலியைப் பறிகொடுத்தவர்கள் இந்தக் குரலில் பேசிக் கேட்டிருக்கிறேன். ஆய்வுத் தலைப்பைப் பறிகொடுத்து ஒருவர் இப்படிப் பேசியதை அன்றுதான் கேட்டேன். உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, விசாரித்தேன்.

அவருடைய அம்மா முந்திரி கம்பெனியில் கொட்டை உடைக்கப் போகிறவர். ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டுத் தோல் வெந்துபோகும். அதற்காகக் கையில் சாம்பலைத் தடவிக்கொண்டு உடைப்பார்கள். எம்.ஏ. படிக்கும்போது ஒரு லீவு மாதம் முழுக்க இந்தப் பெண் வீட்டில் ஒரு காரியம் செய்திருக்கிறார். அம்மா ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறார், நடுவில் எதற்கு எழுந்திருக்கிறார், காலையில் எப்போது எழுந்திருக்கிறார் என்று தினமும் நோட்டில் குறித்திருக்கிறார். பக்கத்திலேயே இன்னொரு பத்தி, தம்பிக்கு.

நோட்டைப் பிரித்துக் காட்டினார். ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது:

'அம்மா. படுத்தது 10.50. பாட்டி கூப்பிட்டு எழுந்தது 1.15. குழாயில் தண்ணி வந்து எழுந்தது 3.40. அப்புறம் படுக்கவில்லை. தம்பி. படுத்தது 10.00. எழுந்தது 7.10. (அம்மா மூணு தடவை எழுப்பினாங்க.)'

முந்திரி வேலைக்குப் போகிற குடும்பங்களில் பெண்களின் தூக்கம் - இதுதான் அவர் எழுத நினைத்த ஆய்வு. கைடு மேடம் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "தூக்கத்துல என்னம்மா ஆராய்ச்சி இருக்கு? அது டாக்டருங்க பண்ண வேண்டியது. பேசாம சுயஉதவிக் குழு எடுத்துக்க. கேள்வித்தாள் நம்மகிட்டயே இருக்கு. 300 பேர்கிட்ட நிரப்பி வாங்கினா முடிஞ்சது."

இப்போது ஃபைலில் இருக்கிற தலைப்பு, சுயஉதவிக் குழுக்கள் வழியே பெண்களுக்கு அதிகாரமளித்தல், ஒரு மாவட்டத்தின் பெயர், கடைசியில் 'ஓர் ஆய்வு'.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தூக்கத்துக்கு டாக்டர் பட்டமா என்று எனக்கும் ஒரு நொடி சிரிப்பு வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டியிருக்கிறது.

* * *

1969-ல் லண்டனில் ஒரு பெண்ணைப் பார்த்து இதே சிரிப்பைச் சிரித்தார்கள். அவர் பெயர் ஆன் ஓக்லி. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். அப்பா பெயர்பெற்ற பேராசிரியர். கல்யாணமாகி இரண்டு குழந்தைகளோடு வீட்டில் இருந்தபோது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தொழிற்சாலை வேலை, ஆபீஸ் வேலை, சுரங்க வேலை என்று எல்லா வேலையைப் பற்றியும் சமூகவியலில் அலமாரி அலமாரியாகப் புத்தகம் இருக்கிறதே, நான் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் செய்கிற இந்த வேலையைப் பற்றி ஏன் ஒன்றும் இல்லை? பி.ஹெச்டி.க்குத் தலைப்பு 'வீட்டு வேலை' என்றார். இதெல்லாம் ஆய்வுக்கு உரிய விஷயமா என்று கேட்டார்கள். குடும்பம் பற்றி எழுது, தாம்பத்யம் பற்றி எழுது, பாத்திரம் தேய்ப்பதைப் பற்றி என்ன எழுதுவாய்? கைடு கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது.

ஓக்லி விடவில்லை. லண்டனில் சின்னக் குழந்தைகள் வைத்திருக்கிற 40 பெண்களைத் தேர்ந்தெடுத்தார். பாதிப் பேர் உழைக்கும் வர்க்கம், பாதிப் பேர் நடுத்தர வர்க்கம். ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசினார். மணிக்கணக்கு போட்டார். சராசரியாக வாரத்துக்கு 77 மணி நேரம் வீட்டு வேலை. ஒரு பெண்ணுக்கு 105 மணி. வேலையின் அலுப்பு எப்படி என்று கேட்டால், கன்வேயர் பெல்ட் முன்னால் நிற்கிற தொழிலாளி சொல்வதைவிட அதிகமான அலுப்பை இவர்கள் சொன்னார்கள். 1974-ல் அந்த ஆய்வு புத்தகமாக வந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க சமூகவியல் மாணவர்கள் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

40 பேர்தான். 300 இல்லை. கவனித்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வேலையும் வேலைதான் என்று சொன்னவர் ஓக்லி ஒருத்தர்தான் என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டிலேயே தேவகி ஜெயின் எழுபதுகளின் பிற்பகுதியில் ராஜஸ்தான், மேற்கு வங்கக் கிராமங்களுக்குப் போய், பெண்களின் நாள் எப்படிக் கழிகிறது என்று கணக்கெடுத்தார். இப்படி நாலு பேர் 'அற்ப விஷயத்தை' விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் பின்னால் அரசாங்கங்களும் எண்ண ஆரம்பித்தன. இந்தியாவில் 1998-99-ல் சோதனை முயற்சியாக ஆறு மாநிலங்களில் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. அதில் தமிழ்நாடும் ஒன்று. 2019-ல் நாடு முழுக்க. மறுபடி 2024-ல். அந்த 2024 கணக்குப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண் ஒரு நாளைக்கு அதற்குச் செலவிடுவது 289 நிமிடம். வீட்டு வேலை செய்கிற ஆண் செலவிடுவது 88 நிமிடம். 'வீட்டு வேலை செய்கிற ஆண்' என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். செய்யாதவர் இந்தச் சராசரியிலேயே வர மாட்டார்.

எண்ணினால் என்ன ஆகும்? 2021 ஜனவரியில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் உழைப்புக்குப் பண மதிப்பு உண்டு என்று விரிவாகப் பேசியபோது, சென்சஸ் கணக்கை எடுத்து மேஜையில் வைத்தது. 2011-ல் முக்கியத் தொழில் வீட்டு வேலை என்று சொன்ன பெண்கள் ஏறக்குறைய 16 கோடி. ஆண்கள் 58 லட்சம். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்துக்களில் சிலவற்றில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. சொத்து எந்த ஊர் தெரியுமா? நெய்வேலி. என்னைப் பார்க்க வந்த பெண்ணின் ஊருக்குப் பக்கம்தான். அதே வருஷம் செப்டம்பர் 15-ம் தேதி தமிழக அரசு ஒரு கோடிக்கும் அதிகமான குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. அதற்கு வைத்த பெயர் 'உதவித்தொகை' இல்லை, 'உரிமைத்தொகை'.

1969-ல் சிரித்தவர்கள் இப்போது சிரிக்க முடியாது.

* * *

சரி, நம் கல்விக்கூடங்களுக்கு வருவோம். மகளிரியல் இந்தியாவில் எப்படிப் பிறந்தது?

1971-ல் மத்திய அரசு, பெண்களின் நிலையை ஆராய ஒரு குழு போட்டது. உறுப்பினர் செயலாளராக வந்தவர் வீணா மஜும்தார். 1974-ல் அறிக்கை வந்தது. 'சமத்துவத்தை நோக்கி' என்பது அதன் பெயர். சுதந்திரம் வந்தாச்சு, ஓட்டு வந்தாச்சு, இந்திரா காந்தி பிரதமராகியாச்சு, ஆகவே பெண்கள் முன்னேறிக்கொண்டிருக்கிறார்கள் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். கணக்கு வேறு மாதிரி சொன்னது. 1901-ல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்தார்கள். 1971-ல் 930. எழுபது வருஷ 'முன்னேற்றத்தில்' குறைந்துபோன பெண்கள் எங்கே? குழுவில் இருந்த படித்த பெண்களுக்கே அது பெரிய அதிர்ச்சி. நம் கண் முன்னால் நடந்ததை நாமே பார்க்காமல் இருந்திருக்கிறோமே என்கிற அதிர்ச்சி.

அந்த அதிர்ச்சிதான் ஒரு துறையாக வளர்ந்தது. அதே 1974-ல் மும்பை எஸ்.என்.டி.டி. பல்கலைக்கழகத்தில் நீரா தேசாய் மகளிரியல் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். 1980-ல் டெல்லியில் வீணா மஜும்தாரின் ஆய்வு மையம். எண்பதுகளின் பிற்பகுதியில் யு.ஜி.சி. பல்கலைக்கழகங்களில் மகளிரியல் மையங்களுக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தது. நம் அம்பையும் நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோரோடு சேர்ந்து 1988-ல் 'ஸ்பாரோ' ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். பெண்கள் பேசுவதைப் பேசியபடியே பதிவு செய்து வைக்கிற இடம் அது.

யாரும் கேட்காத கேள்வியைக் கேட்பதற்காகப் பிறந்த துறை. அதை இப்போது என்ன செய்து வைத்திருக்கிறோம்?

இந்தியப் பல்கலைக்கழகங்களின் பி.ஹெச்டி. ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் 'ஷோத்கங்கா' என்ற மின்நூலகம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அந்தப் பெண் வந்துபோனதற்கு அப்புறம் இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். உருப்படியான ஆய்வுகள் இருக்கின்றன. இரண்டு மூன்றைப் படித்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடந்தேன். ஆனால் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்த அச்சுவெல்லம்.

முதல் அத்தியாயம், வேத காலத்தில் பெண்கள் உயர்ந்த நிலையில் இருந்தார்கள். பிறகு தாழ்ந்தார்கள். பிறகு சீர்திருத்தவாதிகள் வந்தார்கள். தமிழ்நாடு என்றால் ஔவையார் ஒரு பாரா. எந்தப் பெண்கள் உயர்ந்த நிலையில் இருந்தார்கள், அவர்கள் வீட்டு அடிமைப் பெண் எந்த நிலையில் இருந்தாள் என்று உமா சக்ரவர்த்தி 1989-லேயே ஒரு கட்டுரையில் கேட்டு, அந்தப் பொற்காலக் கதையைப் பிரித்து மேய்ந்துவிட்டார். மகளிரியல் படிக்கிற எல்லோரும் படிக்க வேண்டிய கட்டுரை அது. மகளிரியல் ஆய்வேடுகளே அதைப் படித்த மாதிரித் தெரியவில்லை.

இரண்டாவது அத்தியாயம், முன்னால் எழுதியவர்கள் என்ன எழுதினார்கள் என்று ஆளுக்கு நாலு வரி. மூன்றாவது, மாவட்டத்தின் வரலாறு, தாலுகாக்கள், சராசரி மழையளவு. நான்காவது, அட்டவணைகள். 'பதிலளித்தவர்களில் பெரும்பாலோர் திருமணமானவர்கள்.' ஐந்தாவது, பரிந்துரைகள். 'அரசு விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்.'

அடடா, இதற்கா அஞ்சு வருஷம்?

சுயஉதவிக் குழு தப்பான தலைப்பு என்று சொல்ல வரவில்லை. 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய அந்த முயற்சி, தமிழ்நாட்டுக் கிராமங்களில் பல பெண்களை முதல்முறையாக பேங்க் வாசல்படி ஏற வைத்தது. அதைப் பற்றி எழுத இன்னும் ஆயிரம் இருக்கிறது. லோன் பெண் பெயரில் வந்தது. பணம் யார் கைக்குப் போனது? பங்களாதேஷில் ஆன் மேரி கோட்ஸ், ரினா சென் குப்தா என்ற இருவர் 1996-ல் இதைத்தான் கேட்டார்கள். பெண் பெயரில் வாங்கிய கடனில் பெரும்பகுதி, வீட்டு ஆண்களின் கட்டுப்பாட்டில் இருந்தது தெரியவந்தது. தவணை கட்ட முடியாமல்போன பெண் அடுத்த வாரக் கூட்டத்தில் எங்கே உட்காருவாள்? குழுவில் யாரைச் சேர்ப்பதில்லை, என்ன சாதி? இப்படிக் கேட்டால் அது ஆய்வு.

நம் கேள்வித்தாள் கேட்பது இது: 'குழுவில் சேர்ந்த பிறகு வீட்டில் முடிவெடுக்கும் அதிகாரம் கூடியிருக்கிறதா? முற்றிலும் ஒப்புகிறேன், ஒப்புகிறேன், கருத்து இல்லை, மறுக்கிறேன், முற்றிலும் மறுக்கிறேன்.' வாசலில் கட்டில் போட்டு மாமியார் உட்கார்ந்திருக்கிறார். திண்ணையில் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். எதிரே, காலேஜ் பெண் பேனாவோடு நிற்கிறாள். நீங்கள் அந்தப் பெண்ணாக இருந்தால் எதை டிக் அடிப்பீர்கள்? 'ஒப்புகிறேன்' என்றுதான். அது கம்ப்யூட்டருக்குள் போய் சதவிகிதமாகி, 'அதிகாரம் பெற்றார்கள்' என்று வெளியே வரும். பட்டமளிப்பு விழாவில் கறுப்பு கவுன் போட்டு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெண் வீட்டுக்குள்ளே போய் மாமியாருக்குத் தோசை ஊற்றுவாள்.

ஓக்லி இதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பிறகு அவர் தாய்மை பற்றி ஓர் ஆய்வு செய்தார். கர்ப்பிணிகளிடம் திரும்பத் திரும்பப் போய்ப் பேசினார். பேட்டி எடுக்கும்போது எதிராளி நம்மைக் கேள்வி கேட்டால் நழுவிவிட வேண்டும், பதில் சொன்னால் தகவல் கெட்டுப்போகும் என்பது பாடப் புத்தக விதி. ஆனால் அந்தப் பெண்கள் கேட்டார்கள். குழந்தை எந்த வழியாக வரும் என்றுகூடக் கேட்டார்கள். மொத்தம் 878 கேள்விகள், எண்ணி வைத்திருக்கிறார். பயந்துபோயிருக்கும் ஒரு பெண்ணிடம் 'நான் கேட்க மட்டும்தான் வந்தேன்' என்று எப்படிச் சொல்வது? பதில் சொன்னார். அதனால் அவர்களும் மனம்விட்டுப் பேசினார்கள். 1981-ல் இதைக் கட்டுரையாக எழுதியபோது ஆய்வு முறை பற்றிய பேச்சே மாறியது.

நம் கேள்வித்தாளில், பதில் சொல்பவர் திருப்பிக் கேட்பதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா?

* * *

கைடு மேடத்தை வில்லியாக்க எனக்கு விருப்பமில்லை. அந்தப் பெண்ணே சொன்னார்: "மேடமும் பாவம் சார். அவங்க வேலையே கான்ட்ராக்ட்தான். வருஷா வருஷம் ரினீவல்."

அது தனிக் கதை. மகளிரியல் மையங்களில் பல, யு.ஜி.சி. கொடுக்கும் திட்டப் பணத்தில் ஓடுபவை. 2017-ல் ஐந்தாண்டுத் திட்டக் காலம் முடிந்தபோது, இந்த மையங்களுக்குப் பணம் தொடருமா என்று நாடு முழுக்கப் பதறினார்கள். நாளைக்கு இருப்போமா என்று தெரியாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு மாணவியிடம் 'நீ எட்டு வருஷம் ஆனாலும் பரவாயில்லை, சரியாகக் கேள்' என்று யார் சொல்வார்கள்? கையில் இருக்கிற கேள்வித்தாளைத்தான் நீட்டுவார்கள். படித்து முடித்த பின் வேலை? நெட் தேர்வில் மகளிரியலுக்குத் தனித் தாள் இருக்கிறது. அந்தத் தாளில் பாஸ் செய்தவரை வேலைக்கு எடுக்க மகளிரியல் துறை உள்ள கல்லூரிகள் எத்தனை இருக்கின்றன? விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம், இந்தத் துறையே எதற்கு என்று கேட்கிறவர்கள். ஹங்கேரி அரசு 2018 அக்டோபரில் ஓர் ஆணை போட்டு, பாலின ஆய்வு முதுகலைப் படிப்பை அங்கீகாரப் பட்டியலிலிருந்தே தூக்கியது. இது படிப்பு இல்லை, சித்தாந்தம், படித்தால் வேலை கிடைக்காது என்றார்கள். நம் ஊரில் ஆணை எதுவும் போட வேண்டாம். கல்யாண வீட்டில் 'உங்க பொண்ணு என்ன ஆராய்ச்சி பண்றா?' என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் ஒரு சிரிப்பு சிரித்தால் போதும்.

வெளியே இருந்து சிரிப்பவர்களுக்குப் பதில் சொல்லத் துறைக்கு ஒரே வழி, நல்ல ஆய்வுதான். மழையளவும் அட்டவணையும் போட்ட ஆய்வேடு, சிரிப்பவர் கையில் நாமே எடுத்துக் கொடுக்கிற சாட்சி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி பி.ஹெச்டி.யை ஆறு வருஷத்தில் முடிக்க வேண்டும். மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண் ஆய்வாளர்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருஷம் சலுகை உண்டு. பிரசவம், குழந்தை வளர்ப்புக்கு 240 நாள் விடுப்பும் உண்டு. நல்ல விதி. எதற்காக இந்தச் சலுகை? பெண்ணுக்கு வீட்டில் நேரம் கிடைக்காது, ராத்திரி கண்விழித்துத்தான் எழுத வேண்டியிருக்கும் என்பது யு.ஜி.சி.க்கே தெரிந்திருக்கிறது. விதியில் இருக்கிற விஷயத்தை ஒரு பெண் தலைப்பாகக் கொண்டுவந்து வைத்தால் மட்டும், 'இதில் என்ன ஆராய்ச்சி?'

தூக்கத்தைத்தான் அரசுக் கணக்கெடுப்பே கேட்கிறதே, இவர் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். தேடிப் பார்த்தேன். கணக்கெடுப்பில் ஒரு நாள் என்பது விடியற்காலை 4 மணிக்கு ஆரம்பித்து மறுநாள் விடியற்காலை 4 மணிக்கு முடிகிறது. அரை மணி, அரை மணியாகக் கேட்டுக் குறிக்கிறார்கள். நல்ல முறைதான். நாடு முழுக்க எண்ண அப்படித்தான் முடியும். ஆனால் பண்ருட்டி அம்மாவின் நாள் 3.40-க்குக் குடத்தோடு ஆரம்பித்துவிட்டது. கணக்கெடுப்பு ஏட்டில் அது முந்தைய நாளின் வாலாகத்தான் விழும். 1.15-க்குப் பாட்டி கூப்பிட்டது? படுக்கையிலிருந்து எழுந்து, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, மறுபடி படுத்தது அரை மணிக்குள் முடிந்திருந்தால் அந்தக் கட்டம் 'தூக்கம்' என்று ஆகிவிடவும் கூடும். குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு விட வேண்டும் என்று ஆபீஸில் முடிவு செய்கிறவர் எப்போது தூங்குகிறார்? தம்பி ஏன் குடம் தூக்குவதில்லை? தம்பியின் 7.10-ம் பாலின ஆய்வுதான். ஆண் பிள்ளை இப்படித் தூங்கலாம் என்று அவனுக்கு யார், எப்போது சொல்லிக்கொடுத்தார்கள்?

இத்தனை கேள்வி அந்த நாற்பது பக்க நோட்டில் இருக்கிறது. அந்த 300 கேள்வித்தாளில் இல்லை.

* * *

போன வாரம் அந்தப் பெண் போன் செய்தார். மேடத்திடம் மறுபடி பேசினாராம். நோட்டை முதல் தடவையாக அவரிடம் காட்டியிருக்கிறார். மேடம் ரொம்ப நேரம் புரட்டிக்கொண்டே இருந்தாராம். அப்புறம், "நான் கூட நாலரைக்குத்தான் எழுந்திருக்கிறேன்" என்றாராம். ஆனால் தலைப்பு ஏற்கெனவே கமிட்டிக்குப் போய்விட்டது. மாற்றினால் ஆறு மாதம் போகும். கடைசியில் ஓர் ஒப்பந்தம்: தலைப்பு சுயஉதவிக் குழுதான். நாலாவது அத்தியாயத்தில், குழுவில் இருக்கும் பெண்களின் இரவு நேரம்.

"தலைப்பு அவங்களுக்கு, நாலாவது சாப்டர் எனக்கு. பரவாயில்ல சார்" என்றார்.

எனக்குப் பரவாயில்லை என்று சொல்ல வரவில்லை. ஒரு நல்ல கேள்வியை, கேட்பதற்காகவே அரசு சம்பளம் கொடுத்து உட்கார வைத்த ஒரு பெண், அதைச் சேலைத் தலைப்பில் மறைத்துக் கடத்துகிற மாதிரி கடத்திக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அதுவும் மகளிரியல் துறைக்குள்ளேயே.

கைடுகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் வருகிற பெண், தன் வீட்டுக்குள்ளிருந்து ஒரு கேள்வியைக் கொண்டுவந்தால், 'இதில் என்ன இருக்கிறது?' என்று சொல்வதற்கு முன்னால் ஒரு வாரம் அதை வைத்துக்கொண்டிருங்கள். இந்தத் துறையே அப்படி ஒரு கேள்வியில்தான் பிறந்தது. சுத்தமான 300 தாள்களைவிட, கேட்டவரும் பதில் சொன்னவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக் கேட்ட 40 பேச்சுகள் அதிகம் சொல்லும்.

பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. மகள் மகளிரியல் எடுக்கிறேன் என்றால், 'அதைப் படிச்சா வாயாடி ஆயிடுவா' என்று பயப்படாதீர்கள். வாயாடியாகாமல் படித்து முடித்தால்தான் பயப்பட வேண்டும்.

எனக்கும் ஒரு பாக்கி இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை 'காபி கொடுத்து விசாரித்தேன்' என்று மேலே எழுதினேன் அல்லவா? போட்டது என் மனைவி. அன்று காலை அவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று எனக்குத் தெரியாது. முப்பது வருஷத்துக்கு மேல் பெண்ணுரிமை பற்றி எழுதியிருக்கிறேன், கேட்டதில்லை. நேற்று ராத்திரி கேட்டேன். "இப்ப எதுக்கு இதெல்லாம்? லைட்டை அணைங்க, காலைல பால் வரும்" என்றார்.

உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.